கொழும்புக் கப்பல் பேய்கள்: கதை தெரிந்தவர்கள் உதவுங்கள்

குழுவிலுள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கொழும்புக் கடலைச் சுற்றிய பேய்க்கதைகளை எழுதி வைக்க விரும்புகிறேன். இரண்டு இடங்களைப் பற்றி அறிய வேண்டும்.

ஒன்று, 1917 பெப்ரவரியில் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிய வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரு கப்பல்கள். ஜெர்மனியின் வுல்ஃப் கப்பல் இரகசியமாக விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளில் ஒரே வாரத்துக்குள் இரண்டும் சிக்கின. மோதரையில் என் பெரியப்பா சொல்வார்: அந்தப் பக்கம் வலை சிக்கினால் இழுக்கக் கூடாது, அறுத்துவிட்டு வந்துவிட வேண்டும், கீழே பிடித்திருப்பது கை. துருப்பிடித்த இரும்பு என்பதே என் கட்சி. ஆனாலும் அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது வாதாட மனம் வருவதில்லை.

மற்றது மகர கல்லுடைப்புக் குழி. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட நம் அலைதடுப்புச் சுவருக்குக் கைதிகள் கல் உடைத்த இடம். இரவில் சுத்தியல் சத்தம் கேட்குமாம். இதை ராகமையிலோ மகரையிலோ வளர்ந்த யாராவது நேரில் கேட்டதுண்டா? உங்கள் வீட்டில் வேறு விதமாகச் சொன்னார்களா?

கதையை யார் சொன்னார், எந்த ஊரில், ஏறக்குறைய எந்தக் காலத்தில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். யூடியூபில் பார்த்த கதைகள் வேண்டாம், அவை என்னிடமே நிறைய இருக்கின்றன. துறைமுகத்தில் வேலை செய்த தாத்தாக்கள் இருந்தால், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்பினாலும் போதும். எழுத்தில் இறக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.