ஸ்கெக்: சுக்கானா, இறக்குபலகையா?

நாகர்கோவிலிலிருந்து:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஏரியில் துடுப்புப் போட்டுச் சென்று, கரையில் கூடாரம் அடித்துத் தங்கித் திரும்புவதற்காக எங்கள் கல்லூரி மாணவர்கள் பழைய பயணக் கயாக் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு) ஒன்றை வாங்கவிருக்கிறார்கள். விலைக்கு வந்திருப்பவை இரண்டு. ஒன்று 14 அடி நீளம், பாலித்தீன் உடல், ஸ்கெக் வைத்தது. மற்றது 16 அடி, கண்ணாடியிழை, சுக்கான் வைத்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் பார்க்கப் போவதற்குள், எதையெதைச் சோதித்து வாங்க வேண்டும் என்ற குறிப்பைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டேன். பொருள் வைக்கும் அறைக்கும் இருக்கைக்கும் இடையே நீர் புகாமல் பிரிப்பதைத் ‘தடுப்புச்சுவர்’ என்று எழுதினேன், எல்லோருக்கும் புரிந்தது. ஸ்கெக் என்ற பாகத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும்போதுதான் நின்றுவிட்டேன். முதலில் ‘அடிச்சுக்கான்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவி, “அப்படியென்றால் இரண்டிலும் சுக்கான் இருக்கிறதே, விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாமே” என்றார். அந்தச் சொல்லை அப்போதே அடித்துவிட்டேன்.

சுக்கான் பின்முனையில் தொங்குவது. காலால் மிதித்தால் இடமும் வலமும் திரும்பும். ஸ்கெக் திரும்பாது. அது பின்பகுதியின் அடியில் ஒரு பெட்டிக்குள் ஒடுங்கியிருக்கும். இருக்கையருகே உள்ள குமிழை நகர்த்தினால் கம்பிவடம் இழுத்து நீருக்குள் இறக்கும். பக்கக் காற்றில் போகும் கயாக் தன் மூக்கைக் காற்று வரும் திசைக்கே திருப்பிக்கொண்டிருக்கும். ஸ்கெக்கைப் பாதி இறக்கினால் நேரே போகும், முழுவதும் இறக்கினால் காற்றை விட்டு விலகத் தொடங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றை அறிந்த மாவட்டத்தில் இந்த வேறுபாடு சிறியதன்று. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

தக்கலையிலிருந்து:

அன்பின் நண்பருக்கு, சுக்கான் என்பதே அரபு மொழியிலிருந்து கடலோடிகள் வழியாக நம்மிடம் வந்தது; ஆகவே அதன் அடியாக இன்னொரு சொல்லைப் படைக்காமல் விட்டது நன்று. ஆனால் கயாக்கை அப்படியே விட்டுவிட்டீர்கள். அது வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களுடைய சொல். அம்பி, திமில், பஃறி, ஓடம், தோணி, புணை என்று இத்தனை பெயர்களை வைத்துக்கொண்டு நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? புணை என்பது பிணை, புணர் ஆகியவற்றோடு உறவுடையது. சட்டத்தின் மேல் தோலை இழுத்துப் பிணைத்துக் கட்டிய பழைய கயாக்குக்கு அது வேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது. புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் ஆண்ட சொல்லை ஏரிக்கரையில் மாணவர்கள் சொல்லக் கேட்க எனக்கு ஆசை. ஸ்கெக்குக்கு ‘நெறிநிறுத்தி’ என்பதை முன்வைக்கிறேன். நெறி என்றால் வழி, படகை அதன் வழியில் நிறுத்துவது இது.

குளச்சலிலிருந்து:

ஐயா அவர்களுக்கு வணக்கம். அந்தப் பாடலில் புணை ஆற்று நீர் போகும் வழியே போகிறது. உயிர் ஊழின் வழியே போவதற்கு அதுதான் உவமை. காற்று தள்ளினாலும் தன் போக்கை விடாத படகுக்கு அந்தப் பெயரை வைத்தால் பாடலும் கெடும், படகும் கெடும். நம் கட்டுமரத்தை ஆங்கிலேயர் பெயரோடு எடுத்துக்கொண்டார்கள். கயாக்கை நாம் பெயரோடு எடுத்துக்கொள்வதில் இழுக்கில்லை.

என் தகப்பனார் பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிய காலத்தில், கச்சான் காற்று பக்கத்திலிருந்து தள்ளும்போது மரம் ஒதுங்கிப் போகாதபடி நீண்ட பலகை ஒன்றைச் செங்குத்தாக நீருக்குள் இறக்குவார். அந்தப் பலகை நெடுநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தது. கை பிடித்த மேல்விளிம்பு எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாக இருக்கும். கயிறு உரசிய இடத்தில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். “பலகையை இறக்கு” என்பதுதான் மரத்தில் அவர் இடும் கட்டளை. அது மரத்தை ஒதுங்காமல் காத்தது, இது மூக்கைத் திரும்பாமல் காக்கிறது. வேலை சற்று வேறென்றாலும் இரண்டையும் காற்றுக்காக நீரில் இறக்குகிறோம். ‘இறக்குபலகை’ என்று வையுங்கள். நெறிநிறுத்தி என்றால் எங்கள் கடற்கரையில் அதை ஒழுக்கநூல் என்று நினைப்பார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

இரண்டு ஐயங்கள். பிளாஸ்டிக் தகட்டைப் பலகை எனலாமா? மேலும், சில கயாக்குகளில் ஸ்கெக் அடியிலேயே நிலையாகப் பதிந்திருக்கும்; இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. அதை எப்படி இறக்குபலகை என்பது? பள்ளிப் பாடநூலில் மீனுக்குச் சொல்வதுபோல் ‘அடித்துடுப்பு’ என்றால் இரண்டு வகைக்கும் பொருந்துமே.

நாகர்கோவிலிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளிக்கிழமை. அடித்துடுப்பை ஏற்க முடியவில்லை. கையில் பிடிப்பதும் துடுப்பு, அடியில் இருப்பதும் துடுப்பு என்றால் “துடுப்பை இறக்கு” என்று கத்தும்போது மாணவர் எதை இறக்குவார்? பலகை மரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தகரத்தில் எழுதினாலும் அறிவிப்புப் பலகை என்றுதான் சொல்கிறோம். நிலையாகப் பதிந்த வகைக்கு என்னிடம் விடை இல்லை. விலைக்கு வந்திருப்பதில் அது இல்லாததால் இப்போதைக்கு இறக்குபலகை என்றே எழுதிவிட்டேன். குறிப்பில் அப்பகுதி இப்படி இருக்கிறது:

“இறக்குபலகையைக் குமிழால் பலமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். இடையில் சிக்கினால் பெட்டிக்குள் மணலோ சிறு கல்லோ இருக்கலாம். கம்பிவடம் மடிந்திருந்தால் அதை மாற்ற வேண்டிவரும். பின்னறையில் நீர் ஊற்றிக் காத்திருந்து, பலகைப் பெட்டியின் ஓரத்திலோ தடுப்புச்சுவர் வழியே இருக்கைப் பக்கமோ கசிகிறதா என்று பாருங்கள். அந்தப் பெட்டி பின்னறையில் இடத்தை அடைக்கும். ஆகவே கூடாரத்தையும் அரிசிப் பையையும் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.”

தக்கலையிலிருந்து:

குறிப்பைப் படித்தேன், தெளிவாக இருக்கிறது. இறக்குபலகை வினைத்தொகை, அதனால் இடையில் ஒற்று மிகாது. அச்சிடுபவர் ‘ப்’ சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிய, இறக்குகின்ற, இறக்கும் என முக்காலமும் அதில் அடங்கும். மார்த்தாண்டம் நண்பர் சொன்ன நிலையான வகை அந்த மூன்றில் எதிலும் அடங்காது. ஆகவே நெறிநிறுத்தியை நான் இன்னும் கைவிடவில்லை.