ஐசியூ நிமோனியா: இரண்டு வகையையும் எப்படி ஒப்பிடுவது?

வணக்கம். நிமோனியாவோடு ஐசியூவுக்கு வந்தவர்களையும், மருத்துவமனையில் இருக்கும்போது அது தொற்றியவர்களையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வந்தால் மருத்துவமனைத் தொற்று. அது சரி. ஆனால் வேறொரு மருத்துவமனையில் மூன்று நாள் இருந்துவிட்டு எங்களிடம் மாற்றப்பட்டவரை எதில் சேர்ப்பது? முதலில் சேர்ந்த நேரத்திலிருந்து கணக்கிடுவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

கிருமிகளில் பெரிய குழப்பமில்லை. வெளியிலிருந்து வருவதில் நிமோகாக்கஸ், லெஜியோனெல்லா, இன்ஃப்ளூயன்சா. உள்ளே தொற்றுவதில் சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா போன்று மருந்துக்கு எளிதில் அடங்காதவை அதிகம்.

இறப்பை ஒப்பிடும்போதுதான் தடுமாறுகிறேன். உள்ளே தொற்றியவர் அறுவை சிகிச்சை, பக்கவாதம் என்று வேறு காரணத்துக்காக வந்தவர். அவர் இறந்தால் அது நிமோனியாவாலா, அடிப்படை நோயாலா? தவிர, நிமோனியா வரும்வரை அவர் உயிரோடு இருந்தார் என்பதே கணக்கை ஒரு பக்கம் சாய்த்துவிடும். உறுப்புகள் எவ்வளவு செயலிழந்துள்ளன என்பதைக் காட்டும் சோஃபா (SOFA) மதிப்பெண்ணை ஐசியூவில் சேர்ந்த நாளில் எடுப்பதா, நிமோனியா கண்டறிந்த நாளிலா? அப்புறம், வென்டிலேட்டர் பொருத்தி 48 மணி நேரத்துக்குப் பிறகு வருவதைத் தனிக் குழுவாக வைக்கலாமா?

இதுபோன்ற ஆய்வு செய்தவர்கள், புள்ளியியல் தெரிந்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். தரவு சேகரிப்பைத் தொடங்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.