வீட்டுக் குழுவில்: என்பிடெல் தேர்வுக்கு ஆயிரம் ரூபாய்

அம்மா: ஸ்வயம் என்ற அரசின் இணையப் படிப்புத் தளத்தில் படிப்பு இலவசம் என்றாயே, இப்போது எதற்கு ஆயிரம் ரூபாய்?

நான்: அதில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடம் இலவசம்தான் அம்மா. மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்குத்தான் கட்டணம். 12 வாரப் பாடம், தேறினால் பட்டப்படிப்பில் சேரும் 3 கிரெடிட் புள்ளி.

பெரிய மாமா: எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த மாணவர்களிடம் கேட்டேன். என்பிடெல் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரு பாடத்தையாவது முழுதாகப் பார்த்தீர்களா என்றால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நான்: எங்கள் வகுப்பிலும் அப்படித்தான் மாமா. வாராவாரம் தரும் அசைன்மென்டுக்குக் கெடு இரவு 11.59. பத்து மணிக்கே யாராவது விடைகளை வகுப்புக் குழுவில் போட்டுவிடுவார்கள். வீடியோவைத் திறக்காமலே முழு மதிப்பெண்.

அக்கா: அவர்கள்தான் கடைசியில் தவிக்கிறார்கள். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. தேர்வில் 30 எடுக்காவிட்டால் அந்த 25-ஐ வைத்துக்கொண்டு சான்றிதழ் வாங்க முடியாது.

சித்தி: பிள்ளைகளை மட்டும் குறை சொல்லாதீர்கள். என் மகன் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவன். அரைமணி நேர ஆங்கில வீடியோவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக நோட்டில் எழுதிப் பொருள் பார்த்தான். முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு வாரம் தாக்குப்பிடித்தான், பிறகு விட்டுவிட்டான்.

அக்கா: ஐயோ சித்தி, என்பிடெல் தளத்தில் பல பாடங்களின் உரையைத் தமிழிலேயே பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாமே!

சித்தி: அவன் கல்லூரியில் ஒருவரும் சொல்லவில்லையே.

அக்கா: அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது என்பிடெல். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-இல் விதி போட்டது. கல்லூரியில் பாடப் பட்டியலை ஒட்டுகிறார்கள், 'சேர்ந்துவிடு' என்கிறார்கள். எப்படிப் படிப்பது என்று உட்கார வைத்து ஒரு மணி நேரம் காட்டினால் போதும், பாதிப் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள். என் வகுப்பில் காட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மா: பணம் அனுப்பிவிட்டேன். விடையைப் பார்த்து எழுதாதே.

நான்: மாட்டேன் அம்மா.

தம்பி (சித்தி மகன்): அக்கா, மூன்றாவது, நான்காவது வாரம் போய்விட்டது. இனிமேல் தொடர முடியுமா?

அக்கா: முடியும்டா. 12 அசைன்மென்டில் சிறந்த 8-ஐத்தான் எடுப்பார்கள். உனக்கு இரண்டு முடிந்தது, இன்னும் எட்டு பாக்கி இருக்கிறது. தேர்வுப் பதிவு முடிவதற்குள் பெயரைக் கொடு. பாடத்தின் பெயரை எனக்கு அனுப்பு, தமிழ் பிடிஎஃப் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கிறேன்.