கவினின் கடைவாய்ப் பல்லும் சிரிப்பு வாயுவும்

நித்யா: நாளைக்குக் கவினுக்குக் கடைவாய்ப் பல் எடுக்கிறார்கள். ரொம்பப் பயப்படுகிறான். சிரிப்பு வாயு கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். செல்வி அக்கா, அது மயக்க மருந்தா?

கோமதி அத்தை: ஐயோ, ஆறு வயசுப் பிள்ளைக்கு மயக்கமா! கிராம்பு வைத்துப் பார்த்தாயா?

செல்வி அக்கா: மயக்கம் இல்லை அத்தை. முழித்துக்கொண்டுதான் இருப்பான், கூப்பிட்டால் பதில் சொல்வான். மூக்கில் மட்டும் சின்ன மாஸ்க். சிரிப்பு வாயு என்பது நைட்ரஸ் ஆக்சைடுதான், கூடவே ஆக்சிஜனும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். கை கால் மதமதக்கும், மிதக்கிற மாதிரி இருக்கும். பயம் அடங்கியபின் ஈறு மரத்துப்போக ஊசி தனியாகப் போடுவார்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன். வாயு உடம்பில் தங்காது, மூச்சோடு வெளியே வந்துவிடும்.

நித்யா: காலையில் சாப்பாடு கொடுக்கலாமா?

செல்வி அக்கா: வயிறு முட்டக் கொடுக்காதே, வாந்தி வரலாம். எத்தனை மணிக்குள் என்று டாக்டரையே கேள். சளி, மூக்கடைப்பு இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடு. மூக்கால்தானே இழுக்க வேண்டும்!

பெரியப்பா: பல் வைத்தியத்தில்தான் இது பெயர் வாங்கியது. 1844இல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊர். ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் ஒரு வேடிக்கைக் காட்சிக்குப் போனார். வாயுவை இழுத்த ஆள் ஒருவன் காலில் அடிபட்டும் வலியே தெரியாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாளே வெல்ஸ் அதை இழுத்துவிட்டுத் தன் பல்லைப் பிடுங்கச் சொன்னார்.

கோமதி அத்தை: நல்ல ஆளப்பா!

விக்கி: ரேஸ் காரில் வேகம் கூட்ட 'நாஸ்' என்று ஒரு வாயு போடுவார்களே, அதுவும் இதுதானா? தீப்பிடிக்குமா?

பெரியப்பா: அதேதான். தானாக எரியாது. எஞ்சின் சூட்டில் பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கும். அதனால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம்.

செல்வி அக்கா: எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இது நீல சிலிண்டரில் இருக்கும். உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருக்கும். காலியாகப் போகிறவரை மீட்டர் முள் பெரிதாக இறங்காது. மிச்சம் தெரிய எடைதான் போட வேண்டும்.

விக்கி: பலூனில் அடைத்து இழுக்கிற வீடியோ பார்த்தேன் அக்கா. செம ஜாலியாக இருந்தது.

செல்வி அக்கா: அடி விழும். அதில் ஆக்சிஜன் கிடையாது. அடிக்கடி இழுத்தால் உடம்பில் இருக்கிற வைட்டமின் பி12 வேலை செய்யாமல் போகும். தண்டுவடம் கெட்டு நடை தள்ளாடும். பிரிட்டனில் 2023 நவம்பரிலிருந்து போதைக்காகக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

விக்கி: சரி சரி, சும்மா சொன்னேன்.

நித்யா: அக்கா, என்ன வாசனை அடிக்கும் என்று கவின் கேட்கிறான்.

செல்வி அக்கா: லேசான தித்திப்பு வாசனை. சில இடங்களில் ஸ்ட்ராபெரி வாசனை மாஸ்க்கும் வைத்திருப்பார்கள்.

நித்யா: ஸ்ட்ராபெரி வேண்டாமாம். மாம்பழம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறான்.