புளுகனா, நினைவு திரிந்தவனா? ஒரு கலைச்சொல் இழுபறி (பேசுகிறவர்கள் ஊர்ப்பெயரில்)

நாகர்கோவில், தமிழ்த்துறை:
கதையியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் காலியாகக் கிடக்கிறது: 1961இல் அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத் பெயரிட்ட ‘அன்ரிலையபிள் நரேட்டர்’. வகுப்பில் ‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்கிறோம். பிள்ளைகள் உடனே ‘புளுகன்’ என்று குறித்துக்கொள்கிறார்கள். தன்மையில் கதை சொல்கிறவர் பொய் சொல்லாமலே, நினைவு பிசகியும் நம்மைத் திசைதிருப்பலாம். இரண்டுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும்.

மார்த்தாண்டம்:
‘நம்பாக் கதைசொல்லி’. இரண்டு அசை மிச்சம்.

தேரூர்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இரண்டு பக்கமும் வெட்டும் ஐயா. ‘உண்ணா மாந்தர்’ உண்ணாதவர். ‘உண்ணாச் சோறு’ உண்ணப்படாதது. இங்கே நம்பாதது கதைசொல்லியா, நாமா? ‘பிறழ்கூற்றாளர்’ என்று வையுங்கள்.

தக்கலை, வக்கீல்:
‘பிறழ்’ எங்களிடம் ஏற்கெனவே மாட்டிக்கொண்டது. போலீசிடம் ஒன்று சொல்லிவிட்டு, பத்மநாபபுரம் கோர்ட்டில் கூண்டேறியதும் மாற்றிச் சொல்கிறவன் பிறழ்சாட்சி. பெரும்பாலும் அவனுக்கு நினைவில் ஒரு குறையும் இருக்காது. உங்கள் ஆளோ சத்தியம் செய்துவிட்டுத் தப்பாகச் சொல்கிறவர். தவிர, கூற்றாளரை யாராவது ‘கூற்றன்’ என்று சுருக்கினால் எமன் வந்து நிற்பான்.

தேரூர்:
சரி, நன்னூலுக்கு வாருங்கள். சொற்கள் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரம் மூன்று. நினைவுக்கும் இதே மூன்றுதான். 1974இல் உளவியலாளர்கள் லாஃப்டஸும் பாமரும் கார் விபத்துப் படங்களைக் காட்டி வேகம் கேட்டார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்டால் சராசரி பதில் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், ‘தொட்டபோது’ என்றால் 31.8. இது திரிதல். அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றார்கள். ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேரும், ‘இடித்த’ என்று கேட்ட 50 பேரில் 7 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. இது தோன்றல். கெடுதல் மறதி, நமக்கே தெரியும். ஆகவே ‘திரிபுரைஞர்’.

மார்த்தாண்டம்:
திரிபுரை பராசக்தி பெயர் அண்ணாச்சி. பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடும்.

குலசேகரம்:
ஆளுக்குப் பெயர் தேடுவதால்தான் இந்தப் பாடு. 2003இல் கதையியல் ஆய்வாளர் கிரேட்டா ஓல்சன், தவறக்கூடியவர் வேறு, நம்பத்தகாதவர் வேறு என்று பிரித்துவிட்டார். அதே துறையின் ஜேம்ஸ் ஃபீலன் ஆறாக்கினார்: நடந்ததைத் தப்பாகச் சொல்வது, தப்பாகப் புரிந்துகொள்வது, தப்பாக மதிப்பிடுவது, இம்மூன்றையும் அரைகுறையாகச் செய்வது. ஒரே கதைசொல்லி இந்த ஆறுக்குள்ளும் நடமாடுவார். அதனால் கூற்றுக்குப் பெயர் வையுங்கள்: பொய்க்கூற்று, திரிகூற்று, குறைகூற்று.

வகுப்பில் பிடிப்பதும் சுலபம். ஒரே சம்பவம் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: என்ன நேரம், யார் இருந்தார், யார் முதலில் பேசினார். முதல் அத்தியாயத்தில் ‘அம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்’. ஏழாவதில் அதே இரவு, ‘கதவு திறந்தே கிடந்தது’. சொல்கிறவருக்கு இந்தச் சிரிப்பால் ஆதாயம் உண்டா என்று பிறகு கேட்க வேண்டும். ஆதாயம் தெரிந்தால் பொய்க்கூற்றைச் சந்தேகிக்கலாம். இல்லையென்றால் திரிகூற்றா என்று பார்க்கலாம். பல மாணவர்கள் முரண்பாட்டைக் கண்டதும் ஆசிரியர் மறந்துவிட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் மதிப்பெண் போகிறது.

தேரூர்:
திரிகூற்று வினைத்தொகை. திரிந்த, திரிகிற, திரியும் கூற்று. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் நினைவு மாறும் என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது! இன்னொன்று. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) பழங்கதை சொல்கிறவர் தாமோதர ஆசான். தொல்காப்பியத்தைக் கேட்டவர் அதங்கோட்டாசான். ‘அரில்தபத் தெரிந்து’ என்கிறது பாயிரம். தொல்காப்பியர் குற்றமறச் சொன்னார் என்று பொருள். கேட்ட ஆசான் குற்றம் தேடினார் என்பது உரை மரபு. ஒரு ஆசான் சொல்கிறார், இன்னொரு ஆசான் சோதிக்கிறார். நம் மாவட்டத்து வர்ம ஆசான்களை எடுத்துக்கொண்டால்…

தக்கலை:
வர்மத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம்.

மார்த்தாண்டம்:
திரிகூற்று என்றால் எனக்குத் திரிந்த பால்தான் தெரிகிறது. ஆனாலும் எதிர்க்கவில்லை. தூக்கம் வருகிறது.

நாகர்கோவில்:
மூன்று பேர் சம்மதம், ஒருவர் தூக்கம். தலைப்பில் பழைய ‘நம்பகமற்ற கதைசொல்லி’யே இருக்கட்டும், பல்கலைக்கழக வினாத்தாளில் அதுதான் வருகிறது. குலசேகரத்தின் மூன்றும் உட்பிரிவாகப் போகும்.

தேரூர்:
உட்பிரிவு சரி. தலைப்பை ஒப்பவில்லை. ‘நம்பு’வோடு ‘அகம்’ எப்படி ஒட்டியது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே.