கோடை வாசலில் டிராக்கன்ஸ்பர்க் பனி: சென்டினல் பாதையில் கண்டவை

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் வெயில் ஏறிவிட்ட பிறகும் நம் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி கிடக்குமா, கிடந்தால் சென்டினல் பாறையைச் சுற்றி மலையுச்சிச் சமவெளிக்கு ஏறும் சென்டினல் பாதையில் ஏறலாமா என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏறலாம். ஆனால் பனி எத்தனை அடி கிடக்கிறது என்பதைவிட, எந்த நேரத்தில் அதன்மேல் கால் வைக்கிறோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் பெய்த பெரும்பனியால் வான் ரீனன் கணவாய் வழியே செல்லும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, வண்டிகள் இரவெல்லாம் சிக்கி நின்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சாலையில் விழுந்த பனி விரைவில் கரைந்துபோனது. மலை இடுக்குகளில் விழுந்தது அப்படிக் கரையவில்லை. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் வடக்கு வானில் சாய்ந்து செல்கிறது. அதனால் வடக்கு நோக்கிய சரிவுகள் சீக்கிரம் காய்ந்துவிட, தெற்கு நோக்கிய பிளவுகளில் பனி பல வாரங்கள் தங்கிவிடுகிறது. இமயமலையில் நடந்து பழகிய இந்திய உறவினர்கள் யாரேனும் உங்களுடன் வந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அங்கே பனி தங்குவது வடக்குச் சரிவில்.

அக்டோபரில் நாங்கள் சென்றபோது வண்டி நிறுத்துமிடத்திலேயே, அதாவது 2,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், புல்வெளி பசுமை கட்டத் தொடங்கியிருந்தது. பதிவேட்டில் எங்கள் பெயர்களையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவிட்டு, வளைந்து வளைந்து ஏறும் பாதையில் நடந்தோம். வழியில் பனித்திட்டுகளின் ஓரத்தில், வெயில் விழுந்த கற்களின்மேல் பனி எலிகள் கூட்டமாக உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தன. குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்காமல், வளைகளில் நெருக்கியடித்து இருந்து, வெயில் வந்ததும் வெளியே வரும் உயிர்கள் அவை. வெயில் எங்கே எப்போது விழும் என்பதை அறிந்து வாழும் அவற்றை நான் மிகுந்த மதிப்போடு பார்த்தேன்.

சென்டினல் பாறையின் அடிவாரத்தைச் சுற்றிச் செல்லும் பாதையின் ஒரு திருப்பத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு பனிப்பட்டை பாதையைக் குறுக்கே வெட்டிக் கிடந்தது. கடப்பதற்குச் சில அடிகள்தான். ஆனால் வலப்பக்கம் சரிவு ஆழமாக இறங்கியது. பகலில் இளகி இரவில் மறுபடி உறைந்த பனி கண்ணாடிபோல் இறுகியிருந்ததால், காலணியின் முனையால் உதைத்தும் அதில் தடம் விழவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து எங்களுடன் வந்த அக்கா, “தம்பி, அவசரப்படாதீர்கள், வெயில் இங்கே வரட்டும்” என்றார். பாறை ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தோம். வெயில் எட்டிய பிறகு மேற்பரப்பு இளகி, ஒவ்வோர் அடிக்கும் படி வெட்டியதுபோல் தடம் பதிந்தது. ஊன்றுகோல்களை மேற்சரிவில் ஊன்றி ஒருவர்பின் ஒருவராகக் கடந்தோம்.

இந்தக் காத்திருப்பில்தான் நம் மலைக்கே உரிய சிக்கல் இருக்கிறது. காலையில் பனி இறுகியிருக்கிறது என்று பொறுத்தால், கோடைப் பருவத்தில் பிற்பகலில் இடிமழை வந்துவிடுகிறது. உச்சிக்கு ஏறும் சங்கிலி ஏணிகளோ இரும்பு. மின்னல் நேரத்தில் அவற்றில் யாரும் இருக்கக் கூடாது. ஆகவே பனி இளகுவதற்கும் இடி கூடுவதற்கும் இடையில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். இறுகிய பனியில் பிடிக்கும் முள் பட்டைகளைக் காலணியில் மாட்டிக்கொண்டு, பழக்கமும் இருந்தால், காலையிலேயே கடந்துவிடலாம். அவை இல்லாதவர்கள் நேரத்தைத் தாராளமாகக் கணக்கிடக் கூடாது.

ஏணியின் படிகள் நிழலில் இருந்ததால் சிலவற்றில் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. அக்கா ஒவ்வொரு படிக்கும் “முருகா” என்று சொல்லியபடியே ஏறினார். மேலே 3,000 மீட்டர் உயரத்தில் விரியும் சமவெளியில் துகேலா ஆறு, தாண்டிவிடக்கூடிய ஓடையாகப் பனி ஓரங்களுக்கிடையே ஓடி, விளிம்பை அடைந்ததும் 948 மீட்டர் ஆழத்துக்குப் பல அடுக்குகளாக விழுகிறது.

எனக்குப் பெரும் பாடமாக அமைந்தது அங்கே நிகழ்ந்த ஒரு சந்திப்புதான். ஏணிக்குப் பதிலாகப் பக்கத்துப் பிளவு வழியாக இறங்கலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கம்பளி போர்த்து ரப்பர் காலணி அணிந்த, பக்கத்து லெசோத்தோ நாட்டின் பசோத்தோ இன மேய்ப்பர் ஒருவர் தம் ஆடுகளை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். கோடையில் லெசோத்தோ மக்கள் தங்கள் மந்தைகளை இந்த உயர்ந்த புல்வெளிகளுக்கு ஓட்டி வருவது வழக்கம். எங்கள் குழுவின் அண்ணன் ஒருவர் சூலு மொழியில் கேட்க, அவர் சூலுவும் செசோத்தோவும் கலந்து பதில் சொன்னார். பிறகு பேச்சை நிறுத்தி, பிளவின் தலைப்பில் பாறையை ஒட்டிக் கிடந்த பனியில் தம் தடியைக் குத்தினார். தடி பாதிவரை தடையின்றி இறங்கியது, அடியில் தண்ணீர் ஓடும் ஓசையும் கேட்டது. கருங்கல் வெயிலில் சூடேறித் தன்னை ஒட்டிய பனியை உருக்கிவிடுகிறது, உருகிய நீரும் அடிப்பகுதியை அரித்துவிடுகிறது. மேலே வெள்ளையாய் முழுமையாய்த் தெரிவது வெறும் கூரைதான். அதன்மேல் ஒரு மனிதர் நின்றால் அது தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அவருக்கு நன்றி சொல்லி, கொண்டுவந்த ரொட்டியையும் பேரீச்சம்பழத்தையும் பகிர்ந்துகொண்டு, உச்சிவேளைக்குள் ஏணி வழியாகவே இறங்கினோம்.

காலையில் இறுகிக் கிடந்த பனிப்பட்டை அப்போது சேறுபோல் குழைந்திருந்தது. குதிகாலை முதலில் அழுத்தி, பாறை ஓரங்களைத் தவிர்த்துக் கடந்தோம். வண்டியை அடைந்து பதிவேட்டில் திரும்பியதைக் குறித்த சிறிது நேரத்தில் இடி முழங்கத் தொடங்கியது.

இந்தப் பருவத்தில் செல்பவர்கள் கறுப்புக் கண்ணாடி, நீர் புகாத கையுறை, ஆளுக்கொரு ஊன்றுகோல் ஆகியவற்றை அவசியம் எடுத்துச் செல்லுங்கள். பழைய பனியைக் கோடை மழை விரைவில் கரைத்துவிடும் என்பதால், பனி வேண்டாம் என்பவர்கள் சற்றுப் பொறுத்துப் போகலாம். அப்போது விடியலிலேயே புறப்பட்டு, இடிக்கு முன் ஏணியை விட்டு இறங்கிவிட்டால் போதும்.