சாட் சர்வர்ல லாகின் சேர்க்கணும்: ஹேஷ், தமிழ்ப் பேர், அடையாள அட்டை எண் பத்தி

ஈசூன்_பைத்தான் கேட்டது:

வணக்கம். சிங்கப்பூர்ல ஒரு சமூக மன்றத் தொண்டூழியர்கள் 40 பேருக்காக ஒரு சின்ன சாட் சர்வர் ஓடுது. பைத்தானோட அசிங்க்ஐஓ (ஒரே லூப்ல பல இணைப்புகளைக் கவனிக்கிற நிரலகம்), வரிக்கு ஒரு செய்தி. இணைப்பு வந்ததும் ரைட்டரை (அந்த இணைப்புக்குச் செய்தி எழுதுற பொருள்) ஒரு லிஸ்ட்ல போடறேன், எந்தச் செய்தி வந்தாலும் லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் போகுது. பேரையும் கிளையண்ட்டே செய்தியோட சேர்த்து அனுப்புறதால யார் வேணும்னாலும் யார் பேர்லயும் பேசலாம். அதை நிறுத்தணும்.

'லாகின்'னு ஒரு கட்டளை சேர்த்து, பாஸ்வேர்டை எஸ்ஹெச்ஏ-256 ஹேஷா (திரும்ப மாத்த முடியாத குறியீடா) எஸ்கியூலைட் டேட்டாபேஸ்ல வெச்சா போதுமா? சிலர் பேரைத் தமிழ்லயே வைக்கணும்னு கேட்கிறாங்க. மறக்காம இருக்க அடையாள அட்டை எண்ணோட கடைசி நாலையே பாஸ்வேர்டா வைக்கலாமான்னும் கேட்கிறாங்க.

பிடோக்_சாக்கெட் பதில்:

லாகினை மற்ற கட்டளைகளோட ஒண்ணா வைக்காதீங்க. இப்போ இணைப்பு வந்த உடனே லிஸ்ட்ல சேர்க்கிறீங்க. அப்படியே விட்டா, லாகின் பண்ணாத ஆள் பேச முடியாது, ஆனா சும்மா இணைஞ்சு உட்கார்ந்து எல்லாத்தையும் படிக்கலாம். ஹேண்ட்லர், அதாவது ஒவ்வொரு இணைப்பையும் கவனிக்கிற ஃபங்ஷன், ரெண்டு கட்டமா இருக்கணும். முதல் கட்டத்துல லாகின் வரியை மட்டும் வாசிங்க. அது தேறினா மட்டும் ரைட்டரை ஒரு டிக்‌ஷனரியில போடுங்க, பேர்தான் கீ. செய்தி லூப் அதுக்கப்புறம். அனுப்புறவர் பேரை இனி சர்வரே ஒட்டணும். கிளையண்ட் சொல்ற பேரைப் பார்க்கவே வேண்டாம்.

முதல் கட்டத்துக்கு 15 நொடி கெடு வைங்க, 3 தடவை தப்பினா இணைப்பை மூடுங்க. ஒரு வரியை வாசிக்கிற ரீட்லைன் இயல்பா 64 கேபி வரைக்கும் ஏத்துக்கும். சர்வரைத் தொடங்கும்போதே லிமிட்டை 4096னு குறைங்க. வரம்பு மீறினா வேல்யூஎரர் வரும், அதைப் பிடிச்சு மூடிடுங்க. லாகின் வரியை (கட்டளை, பேர், பாஸ்வேர்டு) பிரிக்கும்போது அதிகபட்சம் 2 இடத்துல மட்டும் வெட்டுங்க, பாஸ்வேர்டுக்குள்ள இடைவெளி இருக்கலாம்.

எஸ்ஹெச்ஏ-256 வேண்டாம். அது வேகமா ஓடுறதுக்காகவே செஞ்சது. டேட்டாபேஸ் கசிஞ்சா ஒரு கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல நூறு கோடி பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும். வேணும்னே மெதுவா, நிறைய மெமரி எடுத்து ஓடுற ஆர்கான்2ஐடி ஹேஷை எடுங்க: நினைவகம் 19 எம்பி, சுற்று 2, இணை 1. பைத்தானோட வர்ற ஸ்க்ரிப்ட் (scrypt) ஹேஷும் நல்லதுதான், ஆனா பரிந்துரைக்கப்படுற அளவுகளான என் = 131072, ஆர் = 8 வெச்சா ஒரு ஹேஷுக்கு 128 எம்பி வேணும். இயல்பான மெமரி உச்சவரம்பு (மேக்ஸ்மெம்) 32 எம்பி, அதனால பிழைதான் வரும். மேக்ஸ்மெம்மைக் கூட்டினா ஓடும். ஆனா 512 எம்பி சர்வர்ல ஒரே நேரத்துல 4 பேர் லாகின் பண்ணா மெமரி தீர்ந்துடும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஹேஷ் கணக்கை அசிங்க்ஐஓ லூப்புக்குள்ளயே நேரா ஓட்டாதீங்க. ஒருத்தர் லாகின் பண்ற நேரம் முழுக்க மத்த 39 பேரோட செய்தியும் நின்னுடும். தனி த்ரெட்டுக்கு அனுப்புங்க, செமஃபோர் (எத்தனை ஒண்ணா ஓடலாம்னு கட்டுப்படுத்துறது) வெச்சு ஒரு நேரத்துல 2 மட்டும் விடுங்க. பேரே இல்லைன்னாலும் ஒரு போலி ஹேஷோட ஒப்பிட்டுட்டு, அதே 'பேர் அல்லது பாஸ்வேர்டு தவறு' பதிலையே கொடுங்க. இல்லைன்னா பதில் வர்ற வேகத்தை வெச்சே எந்தப் பேர் இருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம்.

டிஎல்எஸ், அதாவது இணைப்பை மறையாக்கம் பண்றது, இல்லாம இதெல்லாம் வீண். பொது வைஃபையில பாஸ்வேர்டு அப்படியே திறந்த வரியாப் போகும். அதுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் எடுத்தா ஒண்ணு கவனிங்க: கோப்பு புதுசானாலும், ஓடிட்டிருக்கிற சர்வர் பழைய சான்றிதழையே கையில வெச்சிருக்கும். புதுப்பிச்ச கையோட அதே எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட்ல (சான்றிதழை வெச்சிருக்கிற பைத்தான் பொருள்) மறுபடி லோட் பண்ணணும்.

ஒருங்குறி_உட்லண்ட்ஸ் பதில்:

தமிழ்ப் பெயர்கள் பற்றி மட்டும் சொல்கிறேன். 'கொ' என்பதை 'க' + 'ொ' என்றும் எழுதலாம், 'க' + 'ெ' + 'ா' என்றும் எழுதலாம். திரையில் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. ஒரே ஆள் கைப்பேசியில் பதிந்து கணினியில் நுழைய முடியாமல் போகலாம். பதியும்போதும் நுழையும்போதும் பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் என்எஃப்சி என்ற ஒருங்குறித் தர வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. 'ஸ்ரீ' எழுத்து 'ஸ'வில் தொடங்கியும் வரும், 'ஶ'வில் தொடங்கியும் வரும். 'ஔ'வும் 'ஒ' + 'ள'வும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இந்த இரண்டையும் நீங்களே ஒரு வடிவத்துக்கு மாற்றி, அதை டேட்டாபேஸில் தனி நெடுவரிசையில் யூனிக்காக (இருமுறை வராதபடி) வையுங்கள். இல்லையென்றால் ஒருவர் பெயரில் இன்னொருவர் பதிந்துகொள்வார். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் வரி முறிவுகளையும் பெயரில் அனுமதிக்காதீர்கள்.

யாராவது பிக்ரிப்ட் (bcrypt) என்ற ஹேஷ் முறையைப் பரிந்துரைத்தால் ஓர் எச்சரிக்கை: அது 72 பைட் வரைதான் பார்க்கும். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லே 15 பைட். 24 குறிகளுக்குப் பிறகு வருவதைப் பல நிரலகங்கள் சொல்லாமலே வெட்டிவிடும்.

அடையாள அட்டை எண் கூடவே கூடாது. கடைசி நான்கு என்பது 3 இலக்கம், ஒரு சரிபார்ப்பு எழுத்து. எஸ் அல்லது டி என்று தொடங்கும் எண்களில் அந்த எழுத்து 11இல் ஒன்றுதான். ஆக 11,000 வாய்ப்பு. ஒரு ஹேஷுக்கு 0.1 நொடி பிடித்தாலும் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெளியே தெரிந்துவிட்டால் மாற்றவும் முடியாது. அடையாள அட்டை எண்ணைப் பாஸ்வேர்டாகப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2025இல் அறிவுறுத்தியிருக்கின்றன. குழுவில் கேட்டவரிடம் இதைக் காட்டுங்கள்.

ஈசூன்_பைத்தான்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாத்திட்டேன், ஓடுது. ஒரு சிக்கல்: எம்ஆர்டி ரயில் சுரங்கத்துல சிக்னல் போய் மறுபடி வந்தா 'ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கு'ன்னு சர்வர் மறுத்துச்சு. அதனால புது இணைப்பு வந்தா பழசை மூடுற மாதிரி மாத்தினேன். இப்போ லாகின் ஆகுது, ஆனா அவருக்குச் செய்தியே வர்றதில்லை.

பிடோக்_சாக்கெட்:

பழசை மூடுறது சரியான முடிவுதான். பிழை உங்க ஹேண்ட்லர் முடியும்போது ஓடுற ஃபைனலி பகுதியில இருக்கும். பழைய ஹேண்ட்லர் சாகும்போது டிக்‌ஷனரியிலிருந்து அந்தப் பேரை நீக்குது, ஆனா அந்த இடத்துல இப்போ இருக்கிறது புது ரைட்டர். நீக்குறதுக்கு முன்னாடி 'இங்க இருக்கிறது என்னோட ரைட்டர்தானா'ன்னு பாருங்க, ஆமான்னா மட்டும் நீக்குங்க.

செத்த இணைப்பு தானா தெரியும்னு டிசிபி கீப்அலைவை (இணைப்பு உயிரோட இருக்கான்னு சிஸ்டமே சோதிக்கிறது) நம்பாதீங்க. லினக்ஸ்ல அதை இயக்கினாலும் முதல் சோதனைக்கே 7200 நொடி, அதாவது 2 மணி நேரம் ஆகும். 30 நொடிக்கு ஒரு பிங் அனுப்பி, ரெண்டு தடவை பதில் இல்லைன்னா மூடுங்க.

தப்பு முயற்சிகளை ஐபி வெச்சு மட்டும் எண்ணாதீங்க. மன்றத்து வைஃபையில எல்லாருமே ஒரே ஐபியில வெளிய வருவாங்க, ஒருத்தர் தப்பினா 40 பேரும் மாட்டுவாங்க. பேரையும் ஐபியையும் சேர்த்து எண்ணி, 5 தப்புக்கு மேல காத்திருப்பை 2, 4, 8 நொடின்னு கூட்டிட்டே போங்க. கணக்கை மொத்தமாப் பூட்டாதீங்க, பிடிக்காதவர் கணக்கை வேணும்னே பூட்டி வைக்க வழியாயிடும்.